ஒன்பதேகால் மணி ஆறு

விடுமுறைக்கு அந்த முகாமுக்கு வருகிற குடும்பங்கள் அவளை ‘அட்டை அக்கா’ என்றுதான் கூப்பிட்டன. கூடாரம் அடிக்க இடம் காட்ட ஓர் ஆள் உண்டு, விறகு கொடுக்க ஓர் ஆள் உண்டு. ஆனால் "நாளைக்குக் காரை எடுத்துக்கிட்டு எங்கே போகலாம்?" என்று யார் வாயைத் திறந்தாலும் எல்லார் கையும் ஒரே பக்கம் நீளும். வாசலை ஒட்டிய ஆபீஸ் அறை. அங்கே ஒரு மேஜை, சுவர் நிறைய ஒரு வரைபடம், அதன் கீழே கிளிப்பில் தொங்கும் முப்பத்தொரு அட்டைகள், மேஜைக்குப் பின்னால் அவள்.

ஒவ்வோர் அட்டையும் ஒரு நாள். காலையில் காரில் கிளம்பி, சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் கூடாரத்துக்குத் திரும்பிவிடும்படி ஒரு வட்டம். எத்தனை மணிக்கு எந்தத் திருப்பம், எங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும், எந்த இடத்தில் பிள்ளைகளை அவிழ்த்துவிடலாம், எல்லாம் அதில் இருக்கும். ‘ஏரி வரைக்கும் இடது பக்கம் உட்காருபவருக்குத் தண்ணீர், வலது பக்கம் உட்காருபவருக்கு வெறும் மண்சுவர். பாதி வழியில் இடம் மாறிக்கொள்ளுங்கள், சண்டை வராது’ என்றுகூட ஓர் அட்டையில் எழுதியிருந்தாள்.

இத்தனைக்கும் அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இரண்டு முறை கற்றுக்கொள்ளப் பார்த்தாள். இரண்டாவது முறை ரிவர்ஸ் எடுத்து ஆபீஸ் சுவரிலேயே மோதினாள். அதோடு முதலாளி கும்பிடு போட்டுவிட்டார். ஓட்டுவது அவள் கணவன். முகாமின் வேனில் காஸ் சிலிண்டரும் சாமானும் ஏற்றி வருகிறவன், ஆற்றங்கரையில் இருக்கும் பம்ப்பைப் பார்த்துக்கொள்கிறவன். வேகமானியின் முள் நாற்பதைத் தாண்டினால் அவனுக்கு வியர்க்கும். முகாமில் அவன் பெயரே நிதானம்தான். செவ்வாய்க்கிழமை இருவருக்கும் விடுமுறை. அன்றைக்கு அவன் ஓட்டுவான். பக்கத்து சீட்டில் மடியில் நோட்டு, கையில் கடிகாரம் என்று அவள் உட்கார்ந்திருப்பாள். எட்டு வருடத்தில் அப்படிச் சேர்ந்தவைதான் அந்த முப்பத்தொன்றும். ஆகவே அட்டையில் இருந்த நேரமெல்லாம் நிதானத்தின் நேரம். மற்றவர்கள் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டு, "அக்கா, உங்க கடிகாரம் மெதுவா ஓடுதா?" என்று கேலி செய்வார்கள்.

அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா மூட்டை தூக்கியும் அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போட்டும் படிக்கவைத்தார்கள். படித்தது புவியியல். இந்த வேலை கிடைத்த செய்தி போனபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "வழி சொல்றதுக்கு டிகிரியா? எங்க தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் சும்மாவே சொல்றாரே!" அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அந்தக் கேலி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தனக்குத் தெரிந்தது உண்மையில் தெரிந்ததுதானா, இல்லை தெரிந்த மாதிரி பேசத்தான் படிப்பு கற்றுக்கொடுத்ததா? யாராவது அட்டையைக் கையில் வாங்கி, "ரொம்பத் தெளிவா இருக்குங்க" என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கேள்வி ஒரு தடவை புரண்டு படுக்கும். எழுத்து தெளிவாக இருந்தால் எழுதியவள் தெளிவாக இருக்கிறாள் என்று அர்த்தமா?

ஆரம்பத்தில் அவள் எல்லாவற்றையும் எழுதினாள். ‘இந்தப் புல்வெளியில் பாம்பு இருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதப்போக, ஒரு குடும்பம் அன்றைக்கே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. முதலாளி அட்டையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, லீவுக்கு வந்தவங்களுக்கு வழி சொல்றியா, வயித்தக் கலக்குறியா? படிச்ச பொண்ணு, நயமா எழுத வராது?"

அவளுக்கு வந்தது. ஆபத்தை எழுதுவதை விட்டுவிட்டு, ஆபத்து இல்லாத நேரத்தை எழுதினாள். மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கும் மலைமுனை எப்போதும் அட்டையில் முதல் இடமாக வரும். மழைக்குப் பின் கல் உருளும் சரிவு, வெயில் ஏறிய பிறகு வரும். அப்படித்தான் ஆறும். முகாமிலிருந்து நிதானத்தின் ஓட்டத்தில் ஒரு மணி பத்து நிமிடத்தில், ஒரு தரைப்பாலத்தைத் தாண்டியதும், ஆற்றுக்கு நடுவே தட்டையான பாறைகள் பரந்துகிடக்கும். ‘காலை 9.15. கணுக்கால் அளவு தண்ணீர். குழந்தைகள் இறங்கலாம். முக்கால் மணி நேரம்.’ மேலே இருக்கும் அணையில் தினமும் மாலை நாலு மணிக்கு மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறப்பார்கள். கால் மணி நேரத்தில் அது இங்கே வந்துவிடும். பாறையும் பாலமும் இரண்டு மணி நேரத்துக்குக் கண்ணில் படாது. எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது, போன வருட வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அணையில் சைரன் ஊதினாலும் இவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் ஒன்பதேகாலுக்குப் போகிறவர்களுக்கு அதெல்லாம் எதற்கு? ஆபத்து அட்டையில் இல்லை, ஆனால் அட்டை ஆபத்தைக் கடந்துவிடும். இந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கு ஓர் அந்தரங்கமான பெருமை இருந்தது.

அந்த வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மூன்று பேர் ஆபீஸுக்குள் வந்தார்கள். முந்தின நாள் வந்த குடும்பம். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்பவர். ஏழு வயதுப் பெண், வீட்டில் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். ஆற்று அட்டையைத்தான் கேட்டார்கள்.

"இதுல வளைவு எல்லாம் கடைசியில வருதே அக்கா," என்றார் மருந்தகக்காரர். "இவ சாப்பிட்டுட்டு வளைவுல போனா கார் பூரா அபிஷேகம்தான். வெறும் வயித்துல காலையிலேயே வளைவைத் தாண்டிட்டா தேவலை."

"சீட் கவர் புதுசு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அதுக்கென்ன, திருப்பிப் போட்டுக் கொடுத்துடறேன்," என்றாள் அவள். அதுவரை யாருக்கும் திருப்பிப் போட்டுக் கொடுத்ததில்லை. ஆனால் வட்டம்தானே, எந்தப் பக்கம் சுற்றினால் என்ன? புது அட்டை எடுத்து, கடைசி வரியிலிருந்து முதல் வரி வரைக்கும் பத்தே நிமிடத்தில் அழகாக எழுதினாள். முதலில் வளைவுகள், அப்புறம் தேயிலைத் தோட்டம், மதியம் அருவி, பெட்ரோல் பங்க், கடைசியில் ஆறு. நேரங்களைக் கூட்டிக் கழித்து எதிரே போட்டாள். மருந்தகக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, "ரொம்பத் தெளிவா இருக்குங்க" என்றார். எட்டு மணிக்கு அந்தப் பச்சை கார், தலையில் பெட்டி கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது.

மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது நிதானம் ஆபீஸ் வாசலில் தலையை நீட்டினான். கையில் கயிற்றுச் சுருள்.

"டீ இருக்கா? குடிச்சுட்டுப் போய் பம்ப் குழாயத் தூக்கணும். நாலு மணிக்குத் திறந்துடுவான்."

தினமும் கேட்கிற வார்த்தைதான். ஃப்ளாஸ்க்கைத் திறந்து, டம்ளரில் ஊற்றிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். மூடியைப் போடவில்லை. காலையில் அவள் கையாலேயே எழுதிய வரி, அவள் எழுத்திலேயே கண்முன் வந்து நின்றது. ‘மாலை 3.45. கணுக்கால் அளவு தண்ணீர். குழந்தைகள் இறங்கலாம். முக்கால் மணி நேரம்.’

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"பட்டாணி," என்றாள். பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

கண்ணாடிக்கடைக்காரரின் கைபேசிக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மனைவியுடையதும் அப்படித்தான். அந்தப் பள்ளத்தாக்கில் எப்போதுமே அப்படித்தான் என்று அவள்தானே எல்லாரிடமும் சொல்கிறாள், ‘போன் தொல்லை இல்லாத அழகு’ என்று! பெட்ரோல் பங்க்குக்கு அடித்தாள்.

"பச்சை வண்டியா? தலையில பெட்டி? கால் மணி நேரம் ஆச்சும்மா போயி. குழந்தை பாவம், முகத்தக் கழுவிட்டு ஐஸ் கேட்டுது."

"அண்ணே, பின்னாடியே யாரையாவது அனுப்ப முடியுமா? ஆத்துல இறங்க வேண்டாம்னு சொல்லணும்."

"நான் ஒத்தை ஆளும்மா. என்கிட்ட இருக்கிறது சைக்கிள். அந்த ஏத்தத்துல நாளைக்குத்தான் போய்ச் சேருவேன்."

அணை ஆபீஸுக்கு அடித்தாள். நாலாவது முறைதான் எடுத்தார்கள். எடுத்த குரல் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. "நேரம் வெச்ச மெஷின்மா. தானா திறக்கும். நிறுத்தணும்னா இன்ஜினியர் கையெழுத்து போடணும். அவர் வெளிய போயிருக்கார்."

"மூணு உயிருங்க!"

"புரியுதும்மா. நான் அவருக்குப் போன் போட்டுப் பார்க்கறேன். சைரன ரெண்டு தடவை ஊதறேன். அதுக்குமேல என் கையில இல்ல."

முதலாளி ஜீப்பை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார். முகாமில் தங்கியிருந்தவர்களின் கார்கள் எல்லாம் அவளுடைய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு மலையெங்கும் சிதறிக்கிடந்தன. போலீஸ் ஸ்டேஷன் ஆற்றுக்கு இவர்களைவிடத் தூரம். இருந்தது வேன் ஒன்றுதான்.

அவள் திரும்பியபோது நிதானம் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்திருந்தான். மணி மூன்று.

"நம்ம ஓட்டத்துல ஒரு மணி பத்து நிமிஷம்," என்றாள் கதவைச் சாத்திக்கொண்டே. "நாலு பத்து ஆகிடும். அது பத்தாது."

"தெரியுது. பேசாம வா."

பின்னால் காலி சிலிண்டர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முள் ஐம்பதுக்குப் போனது. அவன் கழுத்து நனைவதை அவள் பார்த்தாள். எட்டு வருடமாகப் பார்த்த சாலை. ஆனால் பார்க்கிறதற்காகவே பார்த்த சாலை. இங்கே ஏரி தெரியும், இங்கே நிழல் விழும், இங்கே நிறுத்திப் படம் எடுக்கலாம். இன்றைக்கு அதில் பார்க்க எதுவும் இல்லை. கடிகாரம் மட்டும் இருந்தது. பச்சை கார் பங்க்கை விட்டது இரண்டு முப்பத்தைந்து. அங்கிருந்து ஆற்றுக்கு அட்டை நேரம் ஒரு மணி பத்து. அவர்கள் வேகமாகப் போகிறவர்களாக இருந்தால் மூன்று இருபத்தைந்துக்கே போய், விளையாடி, நாலு பத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த அம்மா மருந்துச் சீட்டு மாதிரி அட்டையைப் படிக்கிறவர். அவள் எழுதியதை எழுதியபடியே செய்வார். முதல்முறையாக, தன் அட்டையை ஒருவர் நம்பக்கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

மூன்று முப்பதுக்கு மரம் ஏற்றிய ஒரு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் ஏற்றம். லாரி முக்கியது, முனகியது, நகர்வேனா என்றது. நிதானம் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனான்.

"முந்துங்க."

"வளைவு."

"முந்துங்கன்னா!"

"எதிர்ல வந்தா என்ன பண்றது? நாம செத்துட்டா அங்க போய் யாரு சொல்றது?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு மைல்கல். அதற்கு அடுத்து ஒரு வளைவு, பிறகு பாழடைந்த கொட்டகை. அந்தக் கொட்டகைச் சுவர் முடிகிற இடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, ‘இங்கே நேர்ச் சாலை. தூரத்து மலை முழுதாகத் தெரியும்’ என்று எழுதியிருந்தாள்.

"இதுக்கு அடுத்த வளைவு தாண்டினதும் ஒரு கொட்டகை வரும். அது முடிஞ்ச உடனே நேர் ரோடு. பத்து எண்ணுற அளவுக்கு. எதிர்ல வர்றது கடைசி வரைக்கும் தெரியும். அங்க ஏறுங்க."

"நிச்சயமாத் தெரியுமா?"

அந்தக் கேள்வியை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. காலையிலும் அவளுக்கு நிச்சயமாகத்தான் தெரிந்திருந்தது.

"தெரியும்," என்றாள்.

கொட்டகை வந்தது. சுவர் முடிந்தது. எதிரே மலையும் வெறும் சாலையும். நிதானம் ஹாரனில் கையை வைத்து அழுத்தி, வலப்பக்கம் ஒதுக்கி, ஏறினான். அவள் வாய்விட்டு எண்ணினாள். ஏழில் லாரியின் முகப்பு பின்னால் போனது. ஒன்பதில் அவர்கள் சாலையின் சொந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

"வாழ்க்கையில முதல் லாரி," என்றான் அவன். குரல் அவனுடையதாகவே இல்லை.

நாலு மணி ஆறு நிமிடத்துக்குத் தரைப்பாலம் வந்தது. தண்ணீர் பாலத்துக்கு இரண்டடி கீழே, சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் மரத்தடியில் பச்சை கார், நாலு கதவும் திறந்து கிடந்தது. ஆற்றின் நடுவே பெரிய பாறையில் விரிப்பு, கூடை, மடக்கு நாற்காலி. மனைவி நாற்காலியில். அப்பாவும் பெண்ணும் அதற்கும் அப்பால், இன்னொரு பாறையில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வேன் பாலத்தைத் தாண்டி நிற்பதற்குள் அவள் குதித்துவிட்டாள். "வெளிய வாங்க! தண்ணி வருது! வெளிய வாங்க!"

ஆற்றின் இரைச்சல் அதை விழுங்கியது. மருந்தகக்காரர் திரும்பிப் பார்த்தார், முகம் மலர்ந்தது, கையை ஆட்டினார். கண்ணாடிக்கடைக்காரரும் ஆட்டினார். அப்புறம் கைபேசியைத் தூக்கி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடிவருகிறவளை ஒரு படம் எடுத்தார்.

நிதானம் ஹாரனை அழுத்தியபடியே விட்டுவிட்டான். அது நிற்காமல் அலறியது. அவள் செருப்போடு ஆற்றில் இறங்கினாள். கணுக்கால் அளவுதான். அவள் எழுதியது சரி. வழுக்கி விழுந்தாள், முழங்கால் கிழிந்தது, எழுந்தாள். பக்கத்தில் போய்த்தான் அந்த அம்மாவுக்கு அவள் முகம் தெரிந்தது. முகத்தைப் பார்த்ததும் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எழுந்து திரும்பி, "ஏங்க, அவளத் தூக்குங்க!" என்று கத்தினார்.

"என்னடி, எதுக்கு?"

"தூக்குங்க!"

கண்ணாடிக்கடைக்காரர் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவினார். பட்டாணி கையிலிருந்த கற்கள் விழுந்துவிட்டன என்று அழ ஆரம்பித்தாள். பாதி வழியில் அவர் கால் ஒரு சந்தில் சிக்கியது. குழந்தையை நீட்டினார், அட்டை அக்கா வாங்கிக்கொண்டாள். அவர் காலை உருவினார், ஷூ அங்கேயே நின்றுவிட்டது. தண்ணீர் நிறம் மாறியிருந்தது. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. கரையில் ஏறியபோது தண்ணீர் அவள் முட்டிக்கு மேல் இருந்தது. ஏறித் திரும்பியபோது விரிப்பு எழுந்து மிதந்தது. நாற்காலி ஒரு தடவை புரண்டு, கால்களைக் காட்டி, போயே போய்விட்டது. அடுத்த நாலு நிமிடத்தில் அங்கே பாறை இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பாலமும் மூழ்கியிருந்தது.

அம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்கடைக்காரர் ஒற்றை ஷூவோடு வந்து அட்டை அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தெய்வம் மாதிரி வந்தீங்கம்மா. எந்த மடையன் சொல்லாம கொள்ளாம இப்படித் திறந்துவிடுறான்? விடமாட்டேன். புகார் எழுதி அவன் சீட்டக் கிழிக்கறேன். நீங்கதான் சாட்சி. கையெழுத்துப் போடுவீங்கல்ல?"

போனில் பேசிய குரல் அவள் காதுக்குள் கேட்டது. ‘அதுக்குமேல என் கையில இல்ல.’ பக்கத்தில் நின்ற நிதானம் அவள் முழங்கையை மெல்ல அழுத்தினான். அவர் நகர்ந்ததும் தாழ்ந்த குரலில், "உயிரோட இருக்காங்க. போதும். ரெண்டு மணி நேரம் பாலம் திறக்காது, இவங்களோடதான் உட்காரணும். ஊர் போய்ச் சேர்ந்தப்புறம் பார்த்துக்கலாம்," என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். ஒரு கையெழுத்து. முகம் தெரியாத ஓர் ஆள் தலையில் பழி விழும், அவனுக்கும் ஏதாவது சமாதானம் இருக்கும். அவள் வேலை நிற்கும். தெய்வம் என்ற பட்டம் வேறு.

"சார்," என்றாள். "தினமும் நாலு மணிக்குத்தான் திறக்கறாங்க. எனக்குத் தெரியும். அதனாலதான் ஆறு காலையில வர்ற மாதிரி அட்டை போட்டிருந்தேன். இன்னைக்குத் திருப்பி எழுதினது நான். தப்பு அவங்க மேல இல்ல. என் மேல."

அவர் கைகளை விட்டார். விட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "நீங்க," என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. "என் பொண்ணு அங்க நின்னுட்டு இருந்தா. அங்க!" தண்ணீரைக் காட்டினார். அப்புறம் நேராக காருக்குப் போய், உட்கார்ந்து, கதவை அடித்துச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. பார்வையை மட்டும் தூக்கினார்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. எழுதவே இல்ல. எழுதியிருந்தா திருப்பும்போது கண்ணுல பட்டிருக்கும்."

"ஏன் எழுதல?"

"பயமுறுத்தக் கூடாதுன்னு." சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று அவளுக்குக் கேட்டது.

அவர் குழந்தையின் நனைந்த முடியைக் கோதினார். பிறகு, மருந்தகத்தில் சன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். "காலையில போற பழைய அட்டை இருக்குல்ல. அத எடுத்துக்கிட்டு யாராவது தூங்கி எழுந்து லேட்டாக் கிளம்பினா? டயர் பஞ்சராகி மத்தியானம் வந்து சேர்ந்தா?"

அட்டை அக்காவுக்கு இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. திருப்பி எழுதியது மட்டுமல்ல தப்பு. எட்டு வருடமாக, ஒவ்வொரு குடும்பமும் சரியான நேரத்துக்கு எழுந்ததால் மட்டுமே பிழைத்திருக்கிறது. கெட்டிக்காரத்தனம் என்று அவள் நினைத்ததற்குப் பெயர் அதிர்ஷ்டம்.

"இப்ப யார் கையிலயாவது இருக்கா?"

"ரெண்டு குடும்பம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. நாளைக்குக் காலையில."

"அப்ப இப்பவே எழுதுங்க. நான் படிச்சுப் பார்க்கறேன்."

நிதானம் வேனிலிருந்து நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் முழங்காலில் வைத்து எழுதி நீட்டினாள். ‘மாலையில் நீர்வரத்து அதிகரிக்கக்கூடும். கவனம் தேவை.’

"இது என்ன, கல்யாணப் பத்திரிகையா?" என்றார் அவர். "மருந்து பாட்டில்ல ‘கவனம்’னு போட்டா யாரும் படிக்கமாட்டாங்க. கவனம் எங்க இல்ல, ஷாம்புலகூட இருக்கு. என்ன ஆகும்னு எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினாள். ‘மாலை நாலு மணிக்கு அணை திறக்கும். பாறைகள் மூழ்கும்.’

"பாறை மூழ்கினா எனக்கென்ன? நான் நீச்சல் தெரிஞ்சவன்னு ஒருத்தர் சொல்வார். என் வீட்டுக்காரரே சொல்வார்."

"அக்கா, அப்பாவுக்கு நீச்சல் தெரியாது," என்றாள் பட்டாணி, அழுகைக்கு நடுவில்.

முதலாளியின் முகம் ஞாபகம் வந்தது. கூடாரத்தைச் சுருட்டுகிற குடும்பங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. நாளைக்கு அந்த மேஜை அவளுடையதாக இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. புதுப் பக்கத்தைத் திருப்பிப் பெரிய எழுத்தில் எழுதினாள். ‘மாலை மூன்று மணிக்குமேல் இந்த ஆற்றில் இறங்காதீர்கள். சைரன் கேட்காது. தண்ணீர் வரும். செத்துப்போவீர்கள்.’

அந்த அம்மா அதை வாங்கி ஒருமுறை மனதுக்குள் படித்தார். இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார். ‘தெளிவா இருக்கு’ என்று சொல்லவில்லை.

காரின் கண்ணாடி பாதி இறங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் இவர்கள் பக்கம் திரும்பாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூணு இல்ல. ரெண்டுன்னு போடச் சொல்லு. தண்ணியில இறங்கிட்டா நேரம் பார்க்காம உட்கார்ந்துடுவாங்க."

அவள் நோட்டைத் திரும்ப வாங்கி, மூன்றை அடித்து, இரண்டு என்று எழுதினாள். எண்ணாக ஒரு முறை, எழுத்தால் ஒரு முறை.